அம்மாவின் கஷாயத்தில் இருந்த அதிமதுரம்: சீன மருத்துவத்தோடு ஒன்பது வாரங்கள்

சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளில் சீன மருந்து புதிதல்ல. புளோக்குக்குக் கீழே இறங்கினால் மருந்துக்கடை, உள்ளே ஒரு சின்சே, அதாவது சீன வைத்தியர். சுளுக்குக்குப் போவோம், இருமலுக்குப் போவோம். அதே பழக்கத்தில்தான் மனச்சோர்வும் ஆரம்பநிலை மறதிநோயும் இருந்த என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாவது வாரம் அவர் அவசரப் பிரிவில் கிடந்தார். அங்கே போகாமலே தப்பித்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்கு ஒருவரும் சொல்லாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 72. அப்பா காலமான பத்தாம் மாதம் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார ஆரம்பித்தார். மனச்சோர்வு என்று எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்து மறதியும் சேர்ந்தபோது ஆரம்பநிலை அல்சைமர் என்று உறுதியாகி டோனெபெசில் வந்தது, முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக அம்லோடிபைனும், சிறுநீர் பெருக்கி வகையான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராமும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த நான்கு பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது எல்லாம் இந்த நான்கோடு மோதியதுதான்.

டோனெபெசிலும் தொடங்கி நாலு மாதம் ஆகியும் அம்மாவின் முகம் மாறவில்லை. மருத்துவரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தவணை, உள்ளே போனால் பத்து நிமிடம். பக்கத்து வீட்டு ஆன்டி தன் அக்காவுக்குத் தூக்கம் வந்த கதையைச் சொல்லி ஒரு சின்சேயின் கடையைக் காட்டினார். சின்சே இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அரைமணி நேரம் பேசினார். அம்மாவும் அவரும் அந்தக் காலத்துச் சந்தை மலாயில் பேசிக்கொண்டார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா ஒரு அந்நியரிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் கேட்கவேண்டிய ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. அம்மா குடிக்கும் மாத்திரைகளின் பட்டியல் என் கைப்பையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சீன மருத்துவம் மனச்சோர்வைப் பெரும்பாலும் கல்லீரலின் ‘சீ’ என்ற உயிர்ச்சக்தியின் ஓட்டம் தேங்கிப்போனதாகப் பார்க்கிறது. இங்கே கல்லீரல் என்பது ஸ்கேனில் தெரியும் உறுப்பை அல்ல, அவர்கள் கணக்கில் அது உணர்ச்சியின் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் ஒரு செயல்பாடு. தேக்கத்துக்குப் பெயர்பெற்ற கலவை சியாவ் யாவ் சான், சோங் வம்சத்து அரசு மருந்தகத் தொகுப்பில் வருவது. அழுகையும் அமைதியின்மையும் தூக்கமின்மையும் இருந்தால் கான் மாய் தா ஸாவ் தாங், ஹான் காலத்து ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் உள்ளது. அதில் மூன்றே சரக்கு: கோதுமை, சீனப் பேரீச்சை, கான் சாவ். அம்மாவுக்கு இரண்டையும் இணைத்து, எரிச்சல் தணிய கோ தெங் என்ற கொக்கிக்கொடியையும் சேர்த்துக் கொடுத்தார். ஒருநாள் பொட்டலத்தில் கோதுமை 30 கிராம், பேரீச்சை பத்து, கான் சாவ் 10 கிராம், சாய் ஹூ 10, டாங் குய் 10, பாய் ஷாவ் 12, பாய் ஜூ 10, ஃபூ லிங் 12, கோ தெங் 12, புதினா 5. இந்த அளவுகள் எனக்குத் தெரியவந்ததே பிறகுதான். அப்போது கையில் இருந்தது பழுப்புத் தாளில் கட்டிய ஏழு பொட்டலம் மட்டுமே.

காய்ச்சுவதில் ஒரு முறை உண்டு, அதில் நம்மவர் சறுக்கும் இடமும் உண்டு. மண் அல்லது பீங்கான் சட்டி வேண்டும். இரும்பும் அலுமினியமும் கூடாது. சரக்கைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, அதற்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது முப்பது நிமிடம் விட வேண்டும். சிப்பி, தாது வகை இருந்தால் அவை முதலில் தனியாக இருபது முப்பது நிமிடம் கொதிக்கும். கோ தெங்கும் புதினாவும் கடைசியில்தான் சட்டிக்குள் போகும், கோ தெங் பத்து நிமிடம், புதினா ஐந்து நிமிடம். கோ தெங்கின் வேலை செய்யும் ஆல்கலாய்டுகள் நீண்ட கொதியில் சிதைந்துவிடும். வடித்தபின் அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் கொதி, இரண்டையும் கலந்து காலை ஒரு கிண்ணம், மாலை ஒரு கிண்ணம். நான் முதல் வாரம் பாட்டி கஷாயம் வைத்த நினைப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவிட்டேன். கோ தெங் பாழ். பொட்டலம் வாங்கும்போதே எது முதலில், எது கடைசியில் என்று கேட்டு, கடைசியில் போடுவதைத் தனித்தாளில் கட்டித்தரச் சொல்லுங்கள். நல்ல கடையில் கேட்காமலே அப்படித்தான் தருவார்கள்.

முதல் மூன்று வாரம் உண்மையாகவே நன்றாகப் போனது. அம்மா ஐந்து மணி வரை தூங்கினார், இட்லி மூன்றாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். நாலாவது வாரம் வீட்டுக் கருவியில் ரத்த அழுத்தம் 130-லிருந்து 148 காட்டியது. ஆறாவது வாரம் 162, கணுக்காலில் வீக்கம். கருவி பழசு என்று புது பேட்டரி போட்டேன். பலதுறை மருந்தகத்தில் தாதி ‘வேறு ஏதாவது மருந்து எடுக்கிறார்களா’ என்று கேட்டபோது இல்லை என்றேன். திட்டுவார்களே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. இந்த முழுக் கதையிலும் எனக்கு இன்றும் உறுத்துவது அந்த ஒரு ‘இல்லை’.

ஏழாவது வாரம் ஒரு காலை. அம்மா கண்ணாடி முன் உட்கார்ந்து கொண்டை போட முயன்றார். சீப்பைப் பிடித்த கை காது வரை போனது, அதற்கு மேல் எழவில்லை. இரண்டு தடவை முயன்று கையை மடியில் போட்டுக்கொண்டார். ‘வேணாம்மா, விடு’ என்றார். தலை வாரக்கூட மனம் இல்லாமல் போய்விட்டது, மனச்சோர்வு முற்றுகிறது என்றுதான் நினைத்தேன். நாற்காலியை விட்டு எழும்போது கைப்பிடியை அழுத்தி எழுந்ததையும், பாதி நாள் படுத்தே இருந்ததையும், மலச்சிக்கலையும் அதே கணக்கில் எழுதினேன். அவர் மனம் விட்டுப்போயிருக்கவில்லை. தோள்தசையில் பலம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சோர்வும் மறதியும் உள்ளவரிடம் மருந்தின் பக்கவிளைவு நோயின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வருகிறது. அவருக்கும் ‘எனக்கு இங்கே இப்படிச் செய்கிறது’ என்று சொல்லத் தெரியாது. மறதிநோய்க்கு மூலிகை கொடுப்பதில் முதல் ஆபத்து இதுதான்.

எட்டாவது வாரம் உறவுக்காரர் ஒருவர் இணையத்தில் வாங்கிய ‘மூளை மாத்திரை’ இரண்டு புட்டி கொண்டுவந்தார். ‘இயற்கை, பாசி வகைச் செடி’ என்று அட்டையில் போட்டிருந்தது. காலை மாலை ஒன்று. ஆறு நாளில் அம்மாவுக்குக் குமட்டல், இளகிய மலம், பசி போனது. பத்தாம் நாள் இரவு குளியலறையில் விழுந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், ஆனால் முகம் வெளுத்து வியர்த்திருந்தது. 995-க்கு அழைத்தோம். அவசரப் பிரிவில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. ரத்தத்தில் பொட்டாசியம் 2.5. இருக்கவேண்டியது 3.5 முதல் 5 வரை. இதய மின்பதிவில் கியூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னேற்றம் பெற்று மறுபடி தயாராகும் நேரம், நீண்டு 520 மில்லிவினாடியைத் தொட்டிருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டதே, ‘அதிமதுரம் ஏதாவது குடிக்கிறாரா?’

கான் சாவ் என்பது நம் அதிமதுரத்தின் குடும்பமேதான், அதே பேரினச் செடியின் வேர். தொண்டை கட்டினால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வோமே, அது. அதில் உள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டதும் கார்டிசோல், உப்பைத் தேக்கிவைக்கும் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கும், அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். அம்மாவின் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும் ரகம். இரண்டும் ஒரே குழாயைத் திறந்துவிட்டிருந்தன. சீன மருந்துநூல் விதிப்படி பச்சைக் கான் சாவ் வேரில் நூற்றுக்கு இரண்டு பங்காவது கிளிசிரைசிக் அமிலம் இருக்கவேண்டும். பத்து கிராமில் 200 மில்லிகிராம். எல்லாம் தண்ணீரில் இறங்காது என்றாலும், ஐரோப்பாவில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். ஜப்பானில் நாளுக்கு 2.5 கிராமோ அதற்கு மேலோ அதிமதுரம் சேரும் மருந்தின் விவரத்தாளிலேயே பொட்டாசியக் குறைவு உள்ளவர்களுக்குக் கூடாது என்று அச்சிடுகிறார்கள். அம்மா குடித்தது பத்து கிராம், அறுபது நாளுக்கு மேல். சீன மருத்துவத்தில் பெரும்பாலான கலவைகளில் கான் சாவ் உண்டு, மற்ற சரக்குகளை இணக்கமாக வைக்கிறது என்பார்கள். மூன்று கிராமோடு ஒரு வாரம் என்றால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது அளவிலும் நாட்கணக்கிலும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் இருமல் லேகியம், அதிமதுரப் பொடி, அதிமதுரம் போட்ட மூலிகைத் தேநீர் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். அம்மா இடையில் இருமலுக்கு லேகியமும் சாப்பிட்டிருந்தார்.

குமட்டலுக்கும் மெதுவான நாடிக்கும் காரணம் அந்த மூளை மாத்திரை. சின்ன எழுத்தில் ஹூபர்சின் ஏ, 200 மைக்ரோகிராம் என்று இருந்தது. சியன் செங் தா என்ற செடியிலிருந்து சீன விஞ்ஞானிகள் 1980-களில் பிரித்தெடுத்த பொருள் இது. சீனாவில் மறதிநோய்க்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்து. வேலை செய்யும் விதம் டோனெபெசிலேதான்: நரம்புகள் செய்தி கடத்தும் ரசாயனமான அசிடைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுப்பது. அதாவது அம்மாவுக்கு ஒரே மருந்தை இரண்டு பெயரில் கொடுத்திருக்கிறேன். அசிடைல்கோலின் கூடினால் இதயம் மெதுவாகும், வயிறு கலங்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் மின்னோட்டம் தடுமாறும். எஸ்சிடலோபிராம், டோனெபெசில் இரண்டுமே கியூடியை நீட்டக்கூடியவை. நாலும் ஒரே இரவில் கூடின. இதயத் துடிப்பு கட்டுமீறிப் போயிருக்கலாம், நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். அப்புறம் ஐந்து நாள் இதயக் கண்காணிப்பு. பொட்டாசியத்தை நரம்பில் ஏற்றும்போது எரியும், மெதுவாகத்தான் விட முடியும். அம்மா முழங்கைவரை எரிகிறது என்று அழுதபடி இருந்தார், நான் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்தியவுடன் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. டோனெபெசில் உடம்பில் பாதியாகக் குறையவே 70 மணி நேரம் பிடிக்கும். அதிமதுரத்தின் தாக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது, வீட்டுக்கு வந்தும் பொட்டாசியக் கரைசல் குடித்தார். கொண்டை போடக் கை எழுந்தது மூன்றாம் வாரம்.

எங்களை ஏமாற்றியது ‘இரண்டு மணி நேர இடைவெளி’ என்ற விதி. ஆங்கில மருந்துக்கும் சீன மருந்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டால் போதும் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். நானும் கைபேசியில் மணி வைத்துக் கடைப்பிடித்தேன். அந்த இடைவெளி வயிற்றுக்குள் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும், அவ்வளவே. சிறுநீரகத்தில் நொதியைத் தடுப்பதையும், கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகம் மாறுவதையும், ஒரே வேலையை இரண்டு மருந்து செய்வதையும் மணிக்கணக்கு தடுக்காது.

மருத்துவமனை மருந்தாளர் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பையில் திறக்காத பெட்டி ஒன்று இருந்தது, சீனாவுக்குப் போய்வந்த ஒருவர் அம்மாவின் மனச்சோர்வுக்கென்றே வாங்கித் தந்தது. ஷூகன் ஜியேயூ என்ற மாத்திரை. சீனாவில் அனுமதி பெற்ற மருந்துதான். அதில் உள்ளவை இரண்டு: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மேற்கில் சொல்லும் செடி, சைபீரிய ஜின்செங். முதலாவது எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால் செரடோனின் மிகைப்பு வரலாம்: வியர்வை, நடுக்கம், தசை துள்ளல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, காய்ச்சல், பெரும்பாலும் ஒரு நாளுக்குள். அது வந்திருந்தாலும் பதற்றம் என்றுதான் நினைத்திருப்பேன். அதே செடி ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வீரியத்தையும் குறைத்துவிடும். ஆக, பெட்டியில் உள்ள மருந்தின் பெயரைத் தேடினால் மட்டும் போதாது, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சரக்கையும் தேட வேண்டும்.

இதே நோக்கத்துக்குக் கொடுக்கப்படும் வேறு மூன்றையும் சொல்லிவிடுகிறேன். டாங் குய் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் ஏறும், ரத்தக்கசிவு வரலாம். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கு வார்ஃபரின் எடுக்கும் முதியவர்கள் கவனிக்க வேண்டும். ஹெ ஷோ வூ, நினைவாற்றலுக்கும் நரைக்கும் என்று விற்பது, சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கிறது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் கடுந்தேநீர் நிறமானாலோ அன்றே நிறுத்தி ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மூன்றாவது, தூக்கத்துக்கான சில பழைய மாத்திரைகளில் சேரும் ஜூ ஷா. அது சாதிலிங்கம், பாதரசத் தாது. நரம்பு தேயும் நோய்க்காரருக்கு அதைக் கொடுப்பது எந்த நியாயத்திலும் சேராது. சூட்கேஸில் வரும் மருந்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

இவை எதுவுமே வேலை செய்யாதா என்று கேட்டால் அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கு அக்குபங்சர் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2018-ல் 64 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துப் பார்த்தது. சிகிச்சையே இல்லாததோடு ஒப்பிட்டால் ஓரளவு பலன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் தாழ்வு என்றது. மறதிநோயில் வரும் கோபம், மனப்பிரமைக்கு ஜப்பானில் யி கான் சான் என்ற மிங் காலத்துக் கலவையை, யோகுகன்சான் என்ற பெயரில், மருத்துவமனையிலேயே தருகிறார்கள். தொடக்கத்துச் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன, பிறகு போலிமருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதிலும் அதிமதுரம் உண்டு. ஹூபர்சினை அமெரிக்காவில் 210 அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். 200 மைக்ரோகிராம் அளவில் நினைவாற்றல் சோதனையில் பலன் இல்லை. அம்மாவின் புட்டியில் இருந்ததும் அதே 200தான். அல்சைமரைத் திருப்பிவிடும் மூலிகை என்று எவர் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள். தூக்கம், பசி, மலச்சிக்கல், உடல்வலி இவற்றில் ஆறுதல் கிடைக்கலாம், அதுவும் சின்ன விஷயமல்ல.

பார்க்கின்சன் உள்ள வீடுகளுக்குத் தனியாக. நாம் நடுக்குவாதம் என்கிறோம், வாதம் என்றால் காற்று. சீன மருத்துவமும் நடுக்கத்தை ‘கல்லீரல் காற்று’ என்கிறது, தியென் மா, கோ தெங் போட்ட கலவை தருகிறது. பெயர் இவ்வளவு பொருந்துவதால் நம்மவருக்கு அதன்மேல் சட்டென்று நம்பிக்கை வந்துவிடுகிறது. கோ தெங் ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. பார்க்கின்சனில் எழுந்து நிற்கும்போதே அழுத்தம் விழும், அந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்தும் விழவைக்கும். படுத்து ஒருமுறை, எழுந்து மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை அளந்து, மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்து. சித்த மருந்தில் பூனைக்காலி விதையும் சேர்கிறதென்றால் அதில் இருப்பதும் லெவோடோபாதான், அளவு கூடிப்போகும். மூளையில் மின்தூண்டுகோல் பொருத்தியவர்களுக்கும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் ஊசியில் மின்சாரம் விடும் அக்குபங்சர் கூடாது. வெறும் ஊசி என்றாலும் ஒருதடவை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்த முதியவருக்கு நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம். தலை, கை, கால் புள்ளிகளே போதும் என்று சொல்லலாம், சின்சே கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பூரில் சீன மருத்துவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். சீன மருத்துவர்களைப் பதிவுசெய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பதிவும் தொழிற்சான்றிதழும் தெரியும். கடையில் மருந்து எடுத்துத்தருபவர் எல்லாம் சின்சே அல்ல. பெட்டி மருந்தாக இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள், சரக்கும் அளவும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்க வேண்டும். பொட்டலமாகக் கட்டித்தரும் மூலிகை அந்தப் பட்டியலில் வராது, அதனால் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் கிராம் அளவையும் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றே நாளில் வலி, தூக்கம், பசி எல்லாம் ஒன்றாகச் சரியாகி முகம் உப்பினால் ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருக்கலாம். கைச்செலவு தாங்காதவர்களுக்கு: இப்போது சின் சுவீ சாலையில் இருக்கும் தோங் சாய் மருத்துவ நிலையம் 1867 முதல் இன வேறுபாடில்லாமல் இலவசமாகப் பார்த்து வருகிறது. எங்களுக்கு ஒன்பது வாரத்தில் ஆலோசனைக்கு 252 சிங்கப்பூர் வெள்ளி, பொட்டலத்துக்கு 693, எட்டு தடவை அக்குபங்சருக்கு 320, மூளை மாத்திரைக்கு 124, மொத்தம் 1,389. மருத்துவமனைக்கு மானியம் போக 1,150. சம்பளமில்லா விடுப்பு பதினொரு நாள்.

மூலிகை தொடங்குவதற்கு முன்பே பொட்டாசியம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் மறுபடி, பிறகு மாதம் ஒருமுறை. வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடியும் குறித்து, வாரத்தில் ஒருநாள் எடை பாருங்கள். நாடி 50-க்குக் கீழ், அழுத்தம் வழக்கத்தைவிட 20 கூடுதல், வாரத்தில் இரண்டு கிலோ ஏற்றம், படியேறவோ கை தூக்கவோ முடியாமை, புதுக் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மூலிகையை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு புது மருந்து மட்டும். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது செய்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

மூலிகை பிடித்துப்போய் மனச்சோர்வு மாத்திரையை நாமாக நிறுத்துவது இன்னொரு பள்ளம். எஸ்சிடலோபிராமைச் சட்டென்று விட்டால் சில நாளிலேயே தலைசுற்றல், தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற உணர்வு, அழுகை, எரிச்சல் வரும். குறைப்பது வாரக்கணக்கில், மருத்துவர் சொல்லும் படியில்தான். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் கஷாயத்துக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த தவணைக்கும் காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767-ஐ இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஐந்து மாதம் கழித்து அம்மாவே மலாயில் பேசும் அந்த சின்சே எங்கே என்று கேட்டார். முதியோர் மருத்துவரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை, மருந்துப் பட்டியலையும் கடைசி ரத்தப் பரிசோதனையையும் அச்சடித்துக் கொடுத்தார், சிறுநீர் பெருக்கியை ஏற்கெனவே மாற்றியிருந்தார். பதிவேட்டில் தேடி வேறு ஒருவரிடம் போனோம். அந்த அம்மையார் நாடி பிடிக்கும் முன் பட்டியலை இரண்டு தடவை படித்தார். பொட்டாசியம் 4.1 என்ற எண்ணை விரலால் தொட்டார். மருந்துச் சீட்டில் பழக்கத்தில் எழுதிவிட்ட கான் சாவ் என்ற இரண்டு எழுத்தைக் கோடிட்டு அடித்தார். பிறகு சீட்டையே மடித்து ஓரமாக வைத்துவிட்டு, இப்போதைக்குக் காதருகிலும் மணிக்கட்டிலும் ஆறு ஊசி மட்டும் என்றார். ஊசி குத்திய இருபது நிமிடமும் அம்மா அவரோடு மலாயில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.